இண்டெக்ஸ் எவ்வளவு இடம் பிடிக்கிறது? போஸ்ட்கிரஸ் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிஸ்க் நிரம்பப் போகிறது என்று எச்சரிக்கை வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது பெரிய டேபிள்களைத்தான். வேகமாகத் தேடுவதற்காக டேபிளோடு கூடவே வைத்திருக்கும் இண்டெக்ஸ்கள் பக்கம் கண் போவதில்லை. ஆனால் நான் பார்த்த பல டேட்டாபேஸ்களில் டேபிளுக்குச் சமமாக, சிலவற்றில் டேபிளையும் மிஞ்சி, இண்டெக்ஸ்கள்தான் இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தன. கூட வேலை செய்பவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி போஸ்ட்கிரஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸ் பற்றியது. மற்ற டேட்டாபேஸ்கள் கடைசிப் பகுதியில் வரும்.

கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோட்டையும் சேர்த்து ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

தகவல் எல்லாம் டேபிளிலேயே இருக்கிறதே, இண்டெக்ஸுக்கு எதற்குத் தனி இடம்?

போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இண்டெக்ஸும் டிஸ்க்கில் தனி ஃபைல். நீங்கள் இண்டெக்ஸ் போட்ட புலத்தின் (column) மதிப்பு அதில் இன்னொரு முறை எழுதப்படுகிறது. கூடவே, அந்த வரிசை (row) டேபிளில் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற 6 பைட் முகவரியும் சேர்கிறது. டேபிளும் சரி, இண்டெக்ஸும் சரி, 8 கேபி கொண்ட பக்கங்களாகத்தான் வளர்கின்றன. ஆகவே ஒரு டேபிளில் ஏழு இண்டெக்ஸ் இருந்தால், ஏழு புலங்களின் பிரதியை டிஸ்க்கில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள்.

ஒரு டேபிளின் இண்டெக்ஸ்கள் மொத்தம் எவ்வளவு இடம் எடுக்கின்றன என்று ஒரே வரியில் பார்க்க முடியுமா?

முடியும்:

செலக்ட் பிஜி_சைஸ்_ப்ரிட்டி(பிஜி_இண்டெக்ஸஸ்_சைஸ்('ஆர்டர்கள்'));

உள்ளே இருக்கும் ஃபங்ஷன் அந்த டேபிளைச் சேர்ந்த எல்லா இண்டெக்ஸ்களின் அளவையும் கூட்டி பைட் கணக்கில் தரும். வெளியே இருப்பது அதைக் கேபி, எம்பி, ஜிபி என்று படிக்க வசதியாக மாற்றிக் கொடுக்கும். 1 கேபி என்பது இங்கே 1,024 பைட்.

ரிலேஷன் சைஸ், டேபிள் சைஸ், டோட்டல் ரிலேஷன் சைஸ் என்று மூன்று இருக்கின்றன. எதை நம்புவது?

மூன்றுமே சரியான எண்கள்தான். அளக்கும் பொருள்தான் வேறு. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிஜி_ரிலேஷன்_சைஸ் ஒரே ஒரு பொருளின் முதன்மை ஃபைலை மட்டும் அளக்கும். டேபிள் பெயரைக் கொடுத்தால் டேபிள், இண்டெக்ஸ் பெயரைக் கொடுத்தால் இண்டெக்ஸ். டேபிளை இதில் அளந்தால் டோஸ்ட் பகுதி கணக்கில் வராது. நீளமான உரை, ஜேசான் போன்றவற்றைப் போஸ்ட்கிரஸ் தனியாக ஒதுக்கி வைக்கும் இடம்தான் டோஸ்ட்.

பிஜி_டேபிள்_சைஸ் என்பது டேபிள், அதன் டோஸ்ட், காலியிட வரைபடம் போன்ற துணை ஃபைல்கள் எல்லாம் சேர்ந்தது. இண்டெக்ஸ்கள் இதில் சேராது. ஒரு விதிவிலக்கு உண்டு: டோஸ்ட் பகுதிக்கென்று போஸ்ட்கிரஸ் தானாக உருவாக்கும் இண்டெக்ஸ் இந்தக் கணக்கில்தான் வரும், பிஜி_இண்டெக்ஸஸ்_சைஸ் கணக்கில் வராது.

பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் என்பது டேபிள் சைஸும் இண்டெக்ஸஸ் சைஸும் கூடிய தொகை.

தவறு எங்கே நடக்கிறது? "டேபிள் 4 ஜிபி, இண்டெக்ஸ் 6 ஜிபி, ஏதோ கோளாறு" என்று ஒருவர் பதறி வருவார். பார்த்தால் டேபிளை ரிலேஷன் சைஸில் அளந்திருப்பார். டோஸ்டில் இன்னொரு 30 ஜிபி உட்கார்ந்திருக்கும். டேபிளோடு இண்டெக்ஸை ஒப்பிட வேண்டுமென்றால் டேபிள் சைஸையும் இண்டெக்ஸஸ் சைஸையும் எடுங்கள்.

எல்லா இண்டெக்ஸ்களையும் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்திப் பார்ப்பது எப்படி?

பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ் என்ற வியூவில் ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் ஒரு வரி இருக்கும். அதிலுள்ள இண்டெக்ஸ்ரெல்ஐடி புலத்தைப் பிஜி_ரிலேஷன்_சைஸுக்குக் கொடுத்து, கிடைக்கும் எண்ணை இறங்கு வரிசையில் அடுக்கினால் போதும். முதல் 20 வரிகளிலேயே கதை தெரிந்துவிடும்.

அடுக்கும்போது பைட் எண்ணை வைத்து அடுக்குங்கள். ப்ரிட்டி ஃபங்ஷன் தருவது எண் அல்ல, உரை. அதை வைத்து அடுக்கினால் 983 எம்பி மேலேயும் 80 ஜிபி கீழேயும் போய்விடும். போஸ்ட்கிரஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் இருந்தால் \டிஐ+ என்ற குறுக்குக் கட்டளையும் அளவைக் காட்டும். அவசரத்துக்கு அதுவே போதும்.

இவற்றை லைவ் சர்வரில் ஓட்டினால் பாதிப்பு வருமா?

அளவு கேட்கும் ஃபங்ஷன்கள் இண்டெக்ஸைத் திறந்து படிப்பதில்லை. ஃபைல் எவ்வளவு நீளம் என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுச் சொல்கின்றன, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பொருளிலும் ஒரு லேசான லாக் எடுக்கும். யாராவது அதே டேபிளின் அமைப்பை மாற்ற ஆல்டர் டேபிள் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் குவெரியும் அது முடியும்வரை நிற்கும்.

பல்லாயிரம் டேபிள்கள் இருக்கும் இடத்தில் வேகமான மதிப்பீடு போதும் என்றால் பிஜி_கிளாஸில் உள்ள ரெல்பேஜஸ் என்ற பக்க எண்ணிக்கையை 8,192 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். அழிந்த வரிசைகளைத் துப்புரவாக்கும் வேக்யூமோ, புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸோ கடைசியாக ஓடியபோது இருந்த நிலவரம் அது.

இண்டெக்ஸைப் போடுவதற்கு முன்பே எவ்வளவு இடம் எடுக்கும் என்று கணக்கிட முடியுமா?

மதிப்புகளை மரம் போல அடுக்கும் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸுக்குக் காகிதத்திலேயே கணக்குப் போடலாம். இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட் தலைப்பு. அப்புறம் புலத்தின் மதிப்பு, 8 பைட்டின் மடங்காக மேல்நோக்கிச் சரிசெய்யப்படும். பக்கத்துக்குள் அந்தப் பதிவைச் சுட்டும் குறிப்புக்கு 4 பைட். 8 பைட் முழு எண்ணான பிக்இண்ட் புலம் என்றால் 8 + 8 + 4 = 20 பைட். ஒரு பக்கத்தில் தலைப்புகள் போக 8,152 பைட் மிஞ்சும். புதிதாகக் கட்டும்போது போஸ்ட்கிரஸ் 90 சதவீதம்தான் நிரப்பும் என்பதால் பக்கத்துக்குச் சுமார் 366 பதிவுகள். 1 கோடி வரிசைகளுக்கு 27,300 பக்கங்களுக்குக் கொஞ்சம் மேல், அதாவது சுமார் 214 எம்பி.

அதை வரிசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வரிசைக்கு 22 பைட் சொச்சம். இந்த "வரிசைக்கு எத்தனை பைட்" என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 214 எம்பி என்ற தொகை அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. வரிசைக்கு 22 பைட் என்றால் இண்டெக்ஸ் ஆரோக்கியமாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

8 பைட் மடங்கு என்ற விதியால் இன்னொன்றும் நடக்கிறது. 4 பைட் இண்டீஜர் புலத்துக்கு இண்டெக்ஸ் போட்டாலும் அளவு அதேதான். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து முதன்மைச் சாவியை (primary key) இண்டீஜராக வைத்தால் இண்டெக்ஸில் ஒரு பைட்டும் மிஞ்சாது. பிற்காலத்தில் 214 கோடியைத் தாண்டும்போது தலைவலிதான் மிஞ்சும்.

16 பைட் அடையாள எண்ணான யூயூஐடி என்றால் பதிவுக்கு 28 பைட். புதிதாகக் கட்டியதில் 1 கோடிக்குச் சுமார் 300 எம்பி வரும். ஆனால் ரேண்டமான யூயூஐடிகள் ஒவ்வொன்றாகச் சேரும்போது பக்கங்கள் நடுவில் பிளந்துகொண்டே போகும். நிரப்பளவு 70 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். அப்போது வரிசைக்கு 40 பைட் வரை போகும்.

ஒரே மதிப்பு பல வரிசைகளில் வரும் புலமாக இருந்தால் நல்ல செய்தி. 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து ஒரே மதிப்பை ஒருமுறை எழுதி, அதன்கீழ் முகவரிகளை மட்டும் அடுக்கும் முறை வந்துவிட்டது. ஆர்டரின் நிலை போல ஐந்தாறு மதிப்புகள் மட்டுமே வரும் புலத்தில் இண்டெக்ஸ் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். பழைய பதிப்பிலிருந்து பிஜி_அப்கிரேட் வழியாக வந்திருந்தால் அந்த இண்டெக்ஸை ஒருமுறை புதிதாகக் கட்டினால்தான் இந்தப் பலன் கிடைக்கும்.

கணக்குப் போட விருப்பமில்லை என்றால் ஹைப்போபிஜி என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. இண்டெக்ஸை உண்மையில் கட்டாமலே பாவனையாக உருவாக்கி, மதிப்பிட்ட அளவைச் சொல்லும்.

அப்படியானால் 300 எம்பி இண்டெக்ஸ் கட்ட 300 எம்பி காலியிடம் போதுமா?

போதாது. கட்டும்போது மதிப்புகளை வரிசைப்படுத்த வேண்டும். மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் அளவுக்குள் அடங்காவிட்டால் தற்காலிக ஃபைல்கள் டிஸ்க்கில் உருவாகும். அவற்றுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இடம் தேவைப்படலாம். மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் WAL பதிவுகளும் வளரும். நான் குறைந்தது மூன்று மடங்கு காலியிடம் இல்லாமல் ஆரம்பிப்பதில்லை.

தமிழ் உரை இருக்கும் புலத்தில் இண்டெக்ஸ் கூடுதல் இடம் பிடிக்குமா?

பிடிக்கும். யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனித்தனியாக 3 பைட் போகும். "தமிழ்" என்ற சொல்லை நாம் மூன்று எழுத்தாக எண்ணுகிறோம். டேட்டாபேஸ் ஐந்து குறியீடாக எண்ணி 15 பைட் எடுக்கும். "கோயம்புத்தூர்" 39 பைட். அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 பைட்தான். இண்டெக்ஸ் பதிவில் தலைப்பெல்லாம் சேர்த்தால் 28 பைட்டுக்குப் பதில் 52 பைட் ஆகும்.

ஊர்ப்பெயர் போலத் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளுக்கு இது பெரிய சுமையில்லை. மேலே சொன்ன சுருக்கும் முறை காப்பாற்றிவிடும். நூல் தலைப்பு, முகவரி, ஆள் பெயர் மாதிரி ஒவ்வொன்றும் வேறாக இருக்கும் புலங்களில்தான் பாரம் தெரியும். மேலும், பி-ட்ரீயில் ஒரு பதிவு சுமார் 2,700 பைட்டைத் தாண்டக்கூடாது. நீளமான தமிழ்ப் பத்திக்கு இண்டெக்ஸ் போட முயன்றால் பிழை வரக்கூடும். சரிசமமா என்று மட்டும் தேடினால் போதும் என்ற இடத்தில் ஹாஷ் இண்டெக்ஸ் நல்ல வழி. உரை எவ்வளவு நீளமானாலும் 4 பைட் ஹாஷ் மட்டுமே அதில் இருக்கும். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து சர்வர் திடீரென நின்றாலும் அது கெடாது.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். "கோ" என்பதில் வரும் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கோயம்புத்தூர் ஒன்றில் 39 பைட், மற்றதில் 42 பைட். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு மதிப்பு. ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தனித்தன்மை காக்கும் (unique) இண்டெக்ஸ் இருந்தும் ஒரே ஊர் இரண்டு முறை பதிவாகிவிடும். உள்ளே எழுதும் முன் நார்மலைஸ் ஃபங்ஷன் வழியாக அனுப்பிவிடுங்கள். 13-ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது.

இண்டெக்ஸ்கள் டேபிளைவிடப் பெரிதாக இருக்கின்றன. ஏதாவது தப்பு நடந்திருக்கிறதா?

அவசியமில்லை. எந்த மாணவர் எந்தப் பாடம் எடுத்திருக்கிறார் என்று குறிக்கும் இணைப்பு டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே பிக்இண்ட் புலங்கள். டேபிளில் ஒரு வரிசைக்குத் தலைப்பு 24, மதிப்புகள் 16, சுட்டும் குறிப்பு 4, ஆக 44 பைட். மாணவர்–பாடம் என்று முதன்மைச் சாவி ஒன்று, பாடம்–மாணவர் என்று திருப்பித் தேட இன்னொன்று. ஒவ்வொன்றும் வரிசைக்குச் சுமார் 31 பைட், இரண்டும் சேர்ந்து 62. இங்கே இண்டெக்ஸ் டேபிளை மிஞ்சுவது இயல்பு. இரண்டும் தேவையும்கூட.

அதே சமயம் 40 புலம் உள்ள அகலமான டேபிளில் இண்டெக்ஸ்கள் மிஞ்சினால், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

பாதி வரிசைகளை அழித்துவிட்டேன். வேக்யூமும் ஓடிவிட்டது. இண்டெக்ஸ் அளவு ஒரு பைட்கூடக் குறையவில்லையே?

குறையாது. அழித்த வரிசைகளுக்கான பதிவுகளை வேக்யூம் இண்டெக்ஸிலிருந்து எடுத்துவிடும். ஒரு பக்கம் முழுவதும் காலியானால் அதைப் பிற்பாடு அதே இண்டெக்ஸ் மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று குறித்து வைக்கும். ஆனால் பி-ட்ரீ ஃபைலை வெட்டிச் சுருக்கி ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் திருப்பிக் கொடுப்பதில்லை. பாதி காலியான இரண்டு பக்கங்களை ஒன்றாகச் சேர்ப்பதும் இல்லை. ஒரு பக்கத்தில் 366 பதிவில் 365 போய் ஒன்று மிஞ்சினாலும் அந்த 8 கேபி அப்படியே நிற்கும்.

சில வருடங்களுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு சிஸ்டத்தில் இப்படித்தான் நடந்தது. வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும் டேபிள் அது. எந்த நேரத்திலும் உயிருள்ள வரிசைகள் சுமார் 5,000தான். அதன் ஒரு இண்டெக்ஸ் மட்டும் 11 ஜிபி. வகுத்துப் பார்த்தேன்: வரிசைக்கு 20 லட்சம் பைட்டுக்கு மேல். இருக்க வேண்டியது 22. யாரோ ஒரு அறிக்கைக்காகத் திறந்த டிரான்சாக்‌ஷன் மூடப்படாமல் நாள்கணக்கில் கிடந்தது. அது பார்க்கக்கூடும் என்பதற்காகப் பழைய பதிவுகளில் ஒன்றைக்கூட வேக்யூமால் எடுக்க முடியவில்லை. அந்தத் தொடர்பைத் துண்டித்து வேக்யூம் ஓடிய பிறகும் ஃபைல் 11 ஜிபியாகவே நின்றது. இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையை ஓட்டியதும் சில நூறு கேபிக்கு வந்தது. வெறும் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், மற்ற பெரிய இண்டெக்ஸ்கள் நடுவே இது என் கண்ணில் பட்டிருக்காது.

இண்டெக்ஸ் வீங்கியிருக்கிறதா என்று துல்லியமாக அளப்பது எப்படி?

பிஜிஸ்டாட்டியூபிள் எக்ஸ்டென்ஷனில் பிஜிஸ்டாட்இண்டெக்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது தரும் ஆவ்ஜி_லீஃப்_டென்சிட்டி என்ற எண், பதிவுகள் இருக்கும் கடைசி அடுக்கான இலைப் பக்கங்கள் சராசரியாக எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கின்றன என்று சொல்லும். புதிதாகக் கட்டியது 90 அருகில் இருக்கும். தொடர்ந்து எழுதப்படும் இண்டெக்ஸ் 70 அருகில் இருந்தால் அது வீக்கமில்லை, இயல்பு. அதைப் பிடித்து ரீஇண்டெக்ஸ் செய்தால் சில நாளில் மறுபடி பக்கங்கள் பிளந்து அதே இடத்துக்கு வரும். 50-க்குக் கீழே போனால்தான் நான் கைவைப்பேன்.

இந்த ஃபங்ஷன் இண்டெக்ஸை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். 200 ஜிபி இண்டெக்ஸில் பகல் நேரத்தில் ஓட்ட வேண்டாம்.

இணையத்தில் சுற்றும் வீக்கக் கணக்கு குவெரிகள் புள்ளிவிவரத்தை வைத்து ஊகிப்பவை. 13-ஆம் பதிப்பின் சுருக்கும் முறை வந்தபிறகு, அதைக் கணக்கில் எடுக்காத குவெரிகளின் விடை ரொம்பத் தள்ளிப் போகிறது. உங்களிடம் டம்ப் பேக்கப் இருந்தால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதைச் சோதனை சர்வரில் ரெஸ்டோர் செய்து, ஒவ்வொரு இண்டெக்ஸின் அளவையும் லைவ் அளவோடு ஒப்பிடுங்கள். சோதனையில் இருப்பது புதிதாகக் கட்டிய அளவு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது வீக்கம். பேக்கப் வேலை செய்கிறதா என்றும் கூடவே தெரிந்துவிடும்.

ரீஇண்டெக்ஸ் செய்யும்போது பயனர்களுக்குத் தடங்கல் வருமா?

வெறும் ரீஇண்டெக்ஸ் என்றால் அது முடியும்வரை டேபிளில் எழுத முடியாது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதுவதும் படிப்பதும் நடந்துகொண்டே இருக்கும். பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் கூடவே இருக்கும் என்பதால் அதற்கான இடம் முன்பே இருக்க வேண்டும். டிஸ்க் 99 சதவீதம் நிரம்பிய பிறகு இதை நினைத்துப் பயனில்லை.

நடுவில் நின்றுபோனால் பெயரின் கடைசியில் _சிசிநியூ என்று முடியும் அரைகுறை இண்டெக்ஸ் மிஞ்சும். எந்த குவெரிக்கும் உதவாது, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி பாதியில் தோற்றாலும் இதே நிலைதான். பிஜி_இண்டெக்ஸில் இண்டிஸ்வேலிட் ஃபால்ஸ் என்று இருப்பவற்றைத் தேடுங்கள். இப்போது யாரும் இண்டெக்ஸ் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவற்றை நீக்கிவிடலாம். இடம் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எந்த இண்டெக்ஸை நீக்கலாம் என்று எப்படி முடிவெடுப்பது?

பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸிலேயே ஐடிஎக்ஸ்_ஸ்கேன் என்ற புலம் இருக்கிறது. அந்த இண்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கை அது. பெரிய அளவும் பூஜ்ய ஸ்கேனும் சேர்ந்தால் விசாரிக்க வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார். விசாரிக்கத்தான் சொல்கிறேன், உடனே நீக்க அல்ல.

தனித்தன்மை காக்கும் இண்டெக்ஸும் முதன்மைச் சாவியும் பூஜ்யம் காட்டினாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. புள்ளிவிவரம் எப்போது அழிக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கியது என்று பாருங்கள். நேற்றுத்தான் என்றால் பூஜ்யத்துக்கு அர்த்தமில்லை. முதன்மை சர்வரின் நகலான ரெப்ளிகா சர்வர்கள் தனி எண்ணிக்கை வைத்திருக்கும். அறிக்கைகள் எல்லாம் ரெப்ளிகாவில் ஓடினால் முதன்மை சர்வரில் பூஜ்யம்தான் தெரியும். வருடக் கணக்கு முடிக்க மார்ச் மாதம் மட்டும் தேவைப்படும் இண்டெக்ஸ்களும் உண்டு. 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து கடைசியாகப் பயன்பட்ட நேரமும் பதிவாகிறது. பெரிய உதவி அது.

தயக்கமில்லாமல் நீக்கக்கூடியவை பெரும்பாலும் இரட்டைகள். 'வாடிக்கையாளர்' மீது ஒன்று, 'வாடிக்கையாளர், தேதி' மீது ஒன்று என்றால் பல இடங்களில் இரண்டாவதே போதும். நீக்கும் முன் பிஜி_கெட்_இண்டெக்ஸ்டெஃப் தரும் வரையறையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீக்க முடியாது, ஆனால் சின்னதாக வேண்டும். வழி உண்டா?

எப்போதும் 'முடியாத' ஆர்டர்களை மட்டும் தேடுகிறீர்கள் என்றால், WHERE நிபந்தனையோடு பகுதி இண்டெக்ஸ் போடுங்கள். கோடி வரிசையில் சில ஆயிரம் மட்டும் உள்ளே இருக்கும். தேதி வரிசையில் சேர்ந்துகொண்டே போகும் பதிவேடுகளுக்கு பிரின் இண்டெக்ஸ் இருக்கிறது. டேபிளின் ஒவ்வொரு 128 பக்கத்துக்கும், அதாவது 1 எம்பிக்கும், ஒரே ஒரு சுருக்கக் குறிப்புதான் எழுதும். 100 ஜிபி டேபிளுக்குச் சில எம்பியில் முடிந்துவிடும். வரிசைகள் தேதிப்படி டிஸ்க்கில் அடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

பார்ட்டிஷன் செய்த டேபிளுக்கு 0 பைட் என்று வருகிறது. ஏன்?

தாய் டேபிளுக்கும் அதன் இண்டெக்ஸுக்கும் டிஸ்க்கில் சொந்த ஃபைல் கிடையாது. எல்லாம் பிள்ளைகளிடம், அதாவது பிரித்த துண்டு டேபிள்களிடம். பிஜி_பார்ட்டிஷன்_ட்ரீ ஃபங்ஷன் தரும் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் அளவையும் கூட்டுங்கள். 12-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது.

பேக்கப் 12 ஜிபி. ரெஸ்டோர் செய்தால் டிஸ்க்கில் பல மடங்கு ஆகிறதே?

பிஜி_டம்ப் இண்டெக்ஸின் உள்ளடக்கத்தை எடுப்பதில்லை. "இப்படி ஓர் இண்டெக்ஸ் கட்டு" என்ற ஒரு வரியை மட்டும் எழுதும். ரெஸ்டோர் செய்யும்போது எல்லாம் புதிதாகக் கட்டப்படும். டம்ப் பெரும்பாலும் சுருக்கப்பட்டும் இருக்கும். ஆகவே புதிய சர்வருக்கு டிஸ்க் வாங்கும்போது டம்ப் அளவைப் பார்க்காமல், பழைய சர்வரின் டோட்டல் ரிலேஷன் சைஸ்களைப் பாருங்கள். நேரடியாக ஃபைல்களை எடுக்கும் பேக்கப்பிலும் ரெப்ளிகாவிலும் இண்டெக்ஸ், அதன் வீக்கம் உட்பட, அப்படியே போகும்.

மைஎஸ்க்யூஎல்லில் இதே கணக்குதானா?

இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபியில் டேபிளே ஓர் இண்டெக்ஸ். முதன்மைச் சாவியின் மரத்திலேயே வரிசைகள் இருக்கின்றன. பக்கம் 16 கேபி. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் டேபிள்ஸ் வியூவில் டேட்டா_லெங்த் என்பது அந்த மரம். இண்டெக்ஸ்_லெங்த் என்பது மற்ற இண்டெக்ஸ்கள் மட்டும். முதன்மைச் சாவி மட்டும் உள்ள டேபிளுக்கு இண்டெக்ஸ் 0 என்று காட்டும், அது சரியே. 8.0 பதிப்பில் இந்த எண்கள் 24 மணி நேரம் வரை பழசாக இருக்கலாம். உடனே வேண்டுமென்றால் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பைரியை 0 ஆக்குங்கள், அல்லது அனலைஸ் டேபிள் ஓட்டுங்கள்.

இண்டெக்ஸ்வாரியாக வேண்டுமென்றால், மைஎஸ்க்யூஎல் ஸ்கீமாவில் இன்னோடிபி_இண்டெக்ஸ்_ஸ்டாட்ஸ் டேபிளில் ஸ்டாட்_நேம் 'சைஸ்' என்று இருக்கும் வரிகளை எடுத்து, பக்க எண்ணிக்கையை 16,384 ஆல் பெருக்குங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது முதன்மைச் சாவியின் நீளம். மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸும் வரிசையின் முகவரிக்குப் பதில் முதன்மைச் சாவியைச் சுமக்கிறது. யூயூஐடியை 36 எழுத்து உரையாக வைத்து ஐந்து இண்டெக்ஸ் போட்டால், வரிசைக்கு 180 பைட் சாவிக்கு மட்டுமே போகும். பைனரி 16 ஆக மாற்றினால் 80. பிக்இண்ட் என்றால் 40.

எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள்?

எஸ்க்யூஎல் சர்வரில் எஸ்பி_ஸ்பேஸ்யூஸ்ட் டேபிளுக்கு மொத்த இண்டெக்ஸ் அளவைத் தரும். தனித்தனியாக வேண்டுமென்றால் சிஸ்.டிஎம்_டிபி_பார்ட்டிஷன்_ஸ்டாட்ஸில் யூஸ்ட்_பேஜ்_கவுண்ட்டை 8 கேபியால் பெருக்குங்கள். வரிசைகளையே தன்னுள் வைத்திருக்கும் கிளஸ்டர்டு இண்டெக்ஸின் இலைகள் அங்கேயும் டேட்டாவாகத்தான் கணக்கிடப்படும். ஆரக்கிளில் யூசர்_செக்மென்ட்ஸ் வியூவில் இண்டெக்ஸ் பெயருக்கு எதிரே உள்ள பைட்ஸ், ஒதுக்கிய இடம். உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது அதில் தெரியாது. கட்டுவதற்கு முன் மதிப்பிட டிபிஎம்எஸ்_ஸ்பேஸில் கிரியேட்_இண்டெக்ஸ்_காஸ்ட் இருக்கிறது.

இதைத் தொடர்ந்து கண்காணிக்கப் பெரிய கருவி ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். வாரம் ஒருமுறை ஓடும் ஒரு குவெரியும் அதன் விடையைச் சேர்த்து வைக்க ஒரு சின்ன டேபிளும் போதும். தேதி, இண்டெக்ஸ் பெயர், பைட் அளவு, ஐடிஎக்ஸ்_ஸ்கேன், பிஜி_கிளாஸில் அந்த இண்டெக்ஸின் ரெல்டியூபிள்ஸ், அதாவது மதிப்பிட்ட பதிவு எண்ணிக்கை. டேபிளின் ரெல்டியூபிள்ஸை எடுக்காதீர்கள். பகுதி இண்டெக்ஸில் கணக்கு தப்பும். அளவை ரெல்டியூபிள்ஸால் வகுத்தால் வரிசைக்கு எத்தனை பைட் என்பது கிடைக்கும். அதில் 0 இருக்கலாம். 14-ஆம் பதிப்பிலிருந்து, ஒருமுறைகூட அனலைஸ் ஆகாதவற்றுக்கு -1 இருக்கும். இரண்டையும் விலக்கிவிட்டு வகுங்கள்.

அளவும் ரெல்டியூபிள்ஸும் சேர்ந்து ஏறினால் உங்கள் வியாபாரம் வளர்கிறது, டிஸ்க் வாங்குங்கள். அளவு ஏறி ரெல்டியூபிள்ஸ் அப்படியே நின்றால், அன்றைக்கே பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து மூடாமல் கிடக்கும் டிரான்சாக்‌ஷன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.